வெள்ளம் வடிந்த மறுநாள்: சபைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் ஒரு நிவாரண வழிகாட்டி

மலேசியாவில், கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தால் முதல் மூன்று நாள் சாப்பாட்டுக்குக் குறை இருப்பதில்லை. கோலாலம்பூரின் எல்லா மூலையிலிருந்தும் நாசி லெமாக் பொட்டலம் வந்து குவியும். மிஞ்சும், ஊசிப்போகும், குப்பைக்குப் போகும். பத்தாவது நாள் போய்ப் பாருங்கள். கேமராக்காரர்கள் இல்லை, லோரிகள் இல்லை. கதவு ஊதிப்போன வீட்டில் ஒரு பாட்டி சிமெண்டுத் தரையில் அட்டைப்பெட்டி விரித்துப் படுத்திருப்பார். ஒரு கிறிஸ்தவ சபையோ குடியிருப்புச் சங்கமோ உருப்படியாகச் செய்ய வேண்டியது பெரும்பாலும் அந்தப் பத்தாவது நாளுக்குத்தான். அதனால் இந்த வழிகாட்டி மீட்புப் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சேற்றைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும் விரிவாகப் பேசும்.

எவ்வளவு பெரிய சேதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். 2021 டிசம்பர் 17 வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை, மறுநாளுக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழையைக் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மொத்தச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் குடியிருப்புகளுக்கு மட்டும் 160 கோடி. அதற்கு முன் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில் 7 பேர் இறந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மாநில அரசு இராணுவ உதவி கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு வெள்ளமும் வந்தது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. சபைக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மற்ற அமைப்புகள் ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது உங்களிடம் காலை ஒன்பது மணிக்கு ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆராதனையைச் சுருக்கிவிட்டு அந்த ஆட்களை வேலைக்குப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்கு முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் பட்டியல். சபை உறுப்பினர்களைப் பெயர் அகரவரிசையில் வைத்திருப்பது வெள்ளத்துக்கு உதவாது. தாமான் (குடியிருப்பு), ஜாலான் (சாலை), லோரோங் (சந்து) வாரியாக எழுதுங்கள். தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், கைக்குழந்தை உள்ள வீடு, இவற்றைத் தனியாகக் குறியுங்கள். டயாலிசிஸ் நோயாளி வாரம் மூன்று முறை மையத்துக்குப் போயே ஆக வேண்டும். சாலை மூழ்கினால் அவருக்கு இரண்டாவது நாளே ஆபத்து. இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் குழுவை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு லோரோங்குக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெருவைத் தெரிந்தவராக இருந்தால் போதும். பல தாமான்களில் கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போகும் அண்ணன்தான் இதற்குச் சரியான ஆள்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ பக்கத்தில் உங்கள் பகுதி ஆற்று நிலையத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நிலைக்கு மேல் வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று மூன்று படி இருக்கும். வஸ்பாடா வந்ததும் முதியவர்களை நகர்த்தத் தொடங்குங்கள். பஹாயா வரட்டும் என்று காத்திருந்தால் கார் போகாது. கடல் ஏற்றத்தையும் பாருங்கள். சுங்கை பினாங்கு ஓரமும் சரி, கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியும் சரி, ஏற்றம் உள்ள நேரத்தில் மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றுவிடும்.

தண்ணீர் ஏறும் இரவு

இதில் சபைக்கு வேலை குறைவு. 999, தீயணைப்பு மீட்புப் படை, பொது தற்காப்புப் படை, இவர்கள் வேலை அது. 2021-இல் சாதாரண மக்களே படகும் கயாக்கும் கொண்டுபோய்ப் பலரைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஓடும் தண்ணீரில் படகு ஓட்டத் தெரியாதவரை அனுப்பினால், மீட்க வேண்டியவர் இன்னும் ஒருவர் கூடுவார். நீங்கள் போனில் உட்காருங்கள். யார் எந்த மாடியில், எத்தனை பேர், கைப்பேசியில் எவ்வளவு சார்ஜ் என்று ஒரே ஒருவர் எழுதி, அதை ஒரே வழியாக மீட்புப் படைக்குச் சேருங்கள். மெயின் சுவிட்சை அடைக்கச் சொல்லுங்கள், அதுவும் கால் நனையும் முன்பே. தண்ணீர் சுவிட்சு பெட்டிக்கு வந்துவிட்டால் யாரும் கிட்டே போகக் கூடாது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலை 15454-இல் கூப்பிடலாம்.

மண்டபத்தைத் திறப்பதா, வேண்டாமா?

திறக்க ஆசையாக இருக்கும். யோசித்துத் திறங்கள். அரசாங்கம் திறக்கும் தற்காலிக நிவாரண மையங்கள், நாம் பிபிஎஸ் என்று சொல்வது, சமூகநல இலாகாவின் பொறுப்பில் நடக்கின்றன. அங்கே பதிவானவரின் பெயர் உதவித்தொகைப் பட்டியலுக்குச் சுலபமாகப் போகும். உங்கள் மண்டபத்தில் தங்கினால் அந்தப் பதிவு தானாக நடக்காது. ஆகவே மண்டபத்தைத் திறந்த அன்றே மாவட்ட அலுவலகத்துக்கும் சமூகநல இலாகாவுக்கும் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

கழிப்பறை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை என்றால் அது தங்குமிடமில்லை, சிரமம். பெண்கள் உடை மாற்றத் தனி அறை, தாய்ப்பால் கொடுக்க ஒரு மறைவு, இரவு முழுக்க விழித்திருக்க ஆண் ஒருவர், பெண் ஒருவர். இவ்வளவும் இருந்தால் திறங்கள். இல்லையென்றால் மண்டபத்தைச் சமையலுக்கும் பொருள் பிரிக்கவும் வைத்துக்கொள்வதே உத்தமம். பகலில் முதியவர்கள் சாய்ந்துகொள்ள, பிள்ளைகள் வண்ணம் தீட்ட, கைப்பேசி சார்ஜ் போட ஓர் இடம் என்பதும் பெரிய உதவிதான்.

சமையல்

வெள்ளப் பகுதிக்கு வெளியே சமைத்து உள்ளே கொண்டுபோங்கள். பெட்டாலிங் ஜெயா சீக்கியக் குருத்துவாரா 2021-இல் அப்படித்தான் செய்தது. எப்போதும் இயங்கும் பெரிய சமையலறை, பழகிய கைகள், மரக்கறி உணவு. யாரும் தயங்காமல் சாப்பிட்டார்கள். பல இனத்தவரும் வந்து கூடச் சேர்ந்து வேலை செய்தார்கள். பக்கத்தில் அப்படி ஒரு சமையலறை இருந்தால் சபை புதிதாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. காய் நறுக்க ஆளையும் அரிசி மூட்டையையும் அங்கே அனுப்புங்கள். பெயர் யாருக்குப் போனால் என்ன?

நீங்களே சமைப்பதென்றால் கோழி ஹலால் கடையில் வாங்குங்கள், அல்லது முழுக்க மரக்கறியாகவே வைத்துவிடுங்கள். டிசம்பர் என்றால் ஐயப்ப விரதக்காரர்களும் மார்கழி நோன்புக்காரர்களும் இருப்பார்கள். தேங்காய்ப்பால் சேர்த்த சோறு நம் வெயிலில் நிற்காது. அண்டாவிலிருந்து வாய்க்குப் போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. பொட்டலத்தின் மேல் மார்க்கர் பேனாவால் நேரம் எழுதுங்கள். முதல் மூன்று நாள் அரிசி, பருப்பு, மாவு கொடுக்காதீர்கள். கேஸ் தோம்பு (சிலிண்டர்) மிதந்து போன வீட்டில் அரிசியை வைத்து என்ன செய்வது? ரொட்டி, பிஸ்கட், டின் மீன், பெட்டிப் பால், குடிதண்ணீர் போதும்.

பழைய துணி கேட்டு அறிவிப்பு போடவே போடாதீர்கள். கேட்டால் வந்துகொண்டே இருக்கும், பிரிக்க இருபது பேர் வேண்டும், கடைசியில் வெள்ளக் குப்பையோடு அதுவும் ஒரு மலை. தேவைப்படுவது புது உள்ளாடை, கைலி, துண்டு, பேம்பர்ஸ், மாதவிடாய் நாப்கின். முதியவர்களுக்கான பேம்பர்ஸை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

காசு

காணிக்கையை சபையின் வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள். பாஸ்டரின் சொந்தக் கணக்கோ வாலிபர் தலைவரின் இ-வாலட்டோ வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் வரவு செலவு. தெருவில் உண்டியல் பிடிக்கப் போலீஸ் அனுமதி வேண்டும்; 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று சொல்வதற்கு முன், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 44(6) அங்கீகாரம் உங்கள் அமைப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

வந்த பணத்தில் பாதியையாவது முதல் இரண்டு வாரம் தொடாதீர்கள். இதற்குச் சபைக் கூட்டத்தில் எதிர்ப்பு வரும், “ஜனங்க கஷ்டப்படுறாங்க, நாம பூட்டி வைக்கிறதா?” என்று. பூட்டித்தான் வைக்க வேண்டும். மெத்தைக்கும் அடுப்புக்கும் ஒயரிங்குக்கும் பணம் தேவைப்படும்போது புதிதாக யாரும் தரப்போவதில்லை.

சேறு

தண்ணீர் இறங்கியதும் வேலை தொடங்குகிறது. சேறு ஈரமாக இருக்கும்போதே வெளியே தள்ள வேண்டும். இரண்டு நாள் வெயில் பட்டால் சங்குல் (மம்மட்டி) கொண்டு வெட்ட வேண்டியிருக்கும். ஒரு தரை வீட்டுக்கு எட்டுப் பேர், அரை நாள் என்று கணக்கு வையுங்கள்.

நுழைந்த உடனே வாளியைத் தூக்காதீர்கள். முதலில் படம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, பக்கத்தில் ஓர் ஆளையோ அளவு நாடாவையோ நிறுத்தி எடுங்கள். ஒவ்வொரு அறை, ஒவ்வொரு பெரிய பொருள், வீட்டு எண். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும், உதவித்தொகைக்கும் காப்புறுதிக்கும் அதுதான் ஆதாரம்.

அடுத்தது வாசல் லோங்காங், அதாவது சாக்கடை வாய்க்கால். அது அடைத்திருந்தால் உள்ளே கழுவும் தண்ணீர் திரும்பி உள்ளேயே வரும். இரண்டு பேர் அதைத் திறந்துவிடட்டும். ஆனால் வீட்டுச் சேற்றையெல்லாம் லோங்காங்கிலேயே தள்ளிவிடக் கூடாது. அடுத்த மழைக்கு அந்தத் தெருவே மறுபடி மூழ்கும். சேற்றைச் சாலையோரம் ஒரே பக்கமாகக் குவியுங்கள். கோலாலம்பூரில் அலாம் ஃபுளோரா, சிலாங்கூரில் கேடிஇபி, பினாங்கில் மாநகர் மன்றங்கள்தான் அள்ளுவார்கள். ரோரோ தொட்டி (லோரியில் வரும் பெரிய குப்பைத் தொட்டி) எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்டுச் சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள், அவருக்கு வேறு வேலை வேண்டாம்.

பின்கட்டிலிருந்து முன்வாசலை நோக்கித் தள்ளுங்கள். முதலில் தட்டையான மண்வெட்டி, பிறகு ரப்பர் வைத்த தண்ணீர் தள்ளி, கடைசியாகத்தான் வாட்டர் ஜெட். எடுத்ததும் ஜெட் அடித்தால் சேறு சுவிட்சு ஓட்டைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிளக் பாயிண்டுகளை முதலில் டேப் ஒட்டி மூடுங்கள். கரண்டு இருக்காது என்பதால் பெட்ரோல் ஜெட்டோ ஜெனரேட்டரோ தேவைப்படும். ஜெனரேட்டர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து தள்ளி இருக்கட்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

கழுவிய பிறகு 20 லிட்டர் வாளித் தண்ணீருக்குக் கால் லிட்டர் குளோராக்ஸ் (பிளீச்) கலந்து தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் துடையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை கிளம்பும். மெத்தை, சோபா, பலகைத்தூள் அலமாரி மூன்றும் தேறாது. கெட்டி மரமும் இரும்பும் தேறும். ஃபிரிட்ஜ், ஃபேன், ரைஸ் குக்கர் எதையும் ஒயர்மேன் பார்க்காமல் பிளக்கில் சொருகக் கூடாது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது. இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எதை எறிவது என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல. வீட்டுக்காரர் ஒருவரை நாற்காலி போட்டு வாசலில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, “வைக்கவா, போடவா, அப்புறம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். வேலை மெதுவாகும், பரவாயில்லை. நகையோ பணமோ கிடைத்தால் இரண்டு பேர் முன்னால் உடனே கையில் கொடுங்கள்.

எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை. வெள்ளச் சேற்றில் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும். காலில் சிறு வெட்டு போதும். காயம் இருப்பவர் சேற்றில் இறங்க வேண்டாம், சமையலறைக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்குப் போய், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கி என்றோ சாதாரண ஃபுளூ என்றோ தள்ளிப்போகும்.

சாமி மேடை, வேதாகமம், கல்யாண ஆல்பம்

இதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பல தாமான்களில் இந்து வீடுகள் நிறைய இருக்கும். சேற்றுக்குள் முருகன் படம், குத்துவிளக்கு, தாத்தாவின் மாலை போட்ட படம் எல்லாம் கிடக்கும். சபை வாலிபர்களுக்கு அங்கே கை நடுங்கும். ஒருவர் தொடத் தயங்குவார், இன்னொருவர் பழைய சாமானோடு சேர்த்துக் குப்பையில் வீசிவிடுவார். இரண்டும் தப்பு. சுத்தமான கூடை ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து முதலிலேயே ஓரமாக வையுங்கள். படங்களும் விளக்கும் அதில் போகட்டும். வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். உடைந்த படங்களை என்ன செய்வது என்று அவர் பக்கத்துக் கோயிலில் கேட்டுக்கொள்வார். குர்ஆன் கிடைத்தால் அந்தக் குடும்பத்தாரையே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

நனைந்த போட்டோக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கக் கூடாது. அகலமான பேசினில் சுத்தமான தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, தானாகப் பிரியும்போது ஒவ்வொன்றாக எடுத்து, முகம் மேலே இருக்கும்படி பிளாஸ்டிக் விரிப்பில் நிழலில் காய வையுங்கள். உடனே செய்ய நேரமில்லையா? பிளாஸ்டிக் பையில் கட்டி, கரண்டு உள்ள யார் வீட்டு ஃபிரீசரிலாவது போட்டு வையுங்கள். பல வாரம் கழித்துக்கூட எடுத்துப் பிரிக்கலாம். நனைந்த வேதாகமத்துக்குப் பக்கங்களுக்கிடையே டிஷ்யூ வைத்து, மாற்றி மாற்றி, ஃபேன் காற்றில் நிறுத்த வேண்டும். இந்த வேலையைச் சபைப் பாட்டிமாரிடம் கொடுங்கள். மண்வெட்டி பிடிக்க முடியாதவர்களுக்கு இதைவிட ஏற்ற வேலை கிடையாது.

ஜெபம் வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றால் மட்டும் ஜெபியுங்கள். உணவுப் பையில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதற்கு எதிராகச் சிலாங்கூரில் 1988 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வீடிழந்தவரிடம் அப்படிச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதும் அதே ரகம்.

காகிதங்கள்

நான்காவது நாளிலிருந்து மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். இரண்டு இளைஞர்கள், ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், நிறைய பேனா. மலாய் பாரங்களைப் பார்த்து மலைத்துப்போகும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் இந்த மேசைதான் பெரிய நிவாரணம்.

அடையாள அட்டை தொலைந்தவர்கள் தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். வெள்ளத்தில் போனதென்றால் மாற்று அட்டைக்குக் கட்டணத்தை வழக்கமாகத் தள்ளுபடி செய்வார்கள். போலீஸ் புகார் ஒன்று எழுதி வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் உதவும். தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா மூலம் வாங் இஹ்சான் உதவித்தொகை வரும். 2021 வெள்ளத்தில் குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் கொடுத்தார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தொகையும் காலக்கெடுவும் மாறும் என்பதால் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டவர்கள்தான் அதிகம் விட்டுப்போவார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்ய வைப்பது லோரோங் பொறுப்பாளரின் வேலை.

காப்புறுதியில் ஏமாற்றம் அதிகம். சாதாரண தீ காப்புறுதியில் வெள்ளம் அடங்காது, கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும். காருக்கும் அப்படித்தான், முழுக் காப்புறுதியாக இருந்தாலும் வெள்ளத்துக்கான சிறப்புச் சேர்ப்பு வேண்டும். பாலிசியை நிதானமாகப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரை மேசையில் உட்கார வையுங்கள். மேசையில் சேரும் ஐசி (அடையாள அட்டை) எண்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது.

அப்புறம், எந்தப் பட்டியலிலும் வராதவர்கள். உணவகத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள், பெர்மிட் முடிந்தவர்கள், மியன்மார் அகதிகள், பிறப்புப் பத்திரம் இல்லாமல் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள். பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிபிஎஸ் பக்கமே வர மாட்டார்கள், வாங் இஹ்சானும் இவர்களுக்குக் கிடையாது. அரசாங்கப் பட்டியலில் உள்ளவருக்குக் கொஞ்சமாவது வரும். இவர்களுக்குச் சபை கொடுத்தால்தான் உண்டு. பூட்டி வைத்த பாதிப் பணத்தில் முதல் பங்கை இங்கே ஒதுக்குவேன் நான்.

இரண்டாவது வாரத்திலிருந்து

வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எதில் படுக்கிறீர்கள்? எதில் சமைக்கிறீர்கள்? பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது? மெத்தை, அடுப்பு, சீருடை. பெரும்பாலான வீடுகளில் பதில் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். கடையில் மொத்தமாக விலை பேசி, பொருளாகக் கொடுங்கள், அல்லது பக்கத்துக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். அந்தக் கடைக்காரரும் வெள்ளத்தில் அடிபட்டவராக இருப்பார்.

மழை இருட்டினாலே பிள்ளைகள் அழும். பெரியவர்கள் அழ மாட்டார்கள், தூங்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏன் கடவுள் இப்படிச் செய்தார் என்று கேட்டால் பதில் சொல்ல முயல வேண்டாம். உயிர் வேண்டாம் என்ற பேச்சு வந்தால் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணைக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து போன் செய்ய வையுங்கள். உங்கள் தொண்டூழியர்களில் யார் பத்து நாளாக வீட்டுக்கே போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது மாதம் கணக்கை முடித்து, மிச்சம் எவ்வளவு என்பதைச் சபையில் வாசியுங்கள். வாட்டர் ஜெட்டில் மீந்த பெட்ரோலை வடித்துவிட்டு, மாடியில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். கீழ்த்தளத்து ஸ்டோரில் வைத்தால் அடுத்த முறை அதுதான் முதலில் மூழ்கும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், இருவரும் வேறு வேறு தாமானில் வசிப்பவர்களாக. லோரோங் பட்டியலை வருடா வருடம் செப்டம்பர் முதல் வாரத்தில் போன் போட்டுச் சரிபாருங்கள். வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.